உள்மடிப்பு

குஷன் வேலைக்காரன் பழைய சீட்டு ஒன்றைக் கையில் எடுத்தால், அதற்கு முன்னால் அதைச் செய்தவனைத்தான் முதலில் திட்டுவான். அது தொழில் வழக்கம். கொத்தனாரும் அப்படித்தான், தையல்காரரும் அப்படித்தான், ஏன், பல் டாக்டர்கூட வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு இதுக்கு முன்னால யார்கிட்ட காட்டினீங்க என்று உச்சுக்கொட்டத்தான் செய்கிறார். ராயப்பன் இருபத்தெட்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறவர். தனசிங் அண்ணாச்சியின் படகுத்துறையில், பூவரசு நிழலில் தார்ப்பாயை விரித்து, நாலாம் நம்பர் படகிலிருந்து கழற்றிப் போட்டிருந்த உடைந்த சீட்டைப் பார்த்ததும் இன்றைக்கும் வாய் தானாகத் திறந்துகொண்டது. "எந்தப் பய செஞ்ச வேலை அண்ணாச்சி இது? அவன் கைய முறிச்சு அடுப்புல வைக்கணும்." அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு பாதகமும் இல்லை. வெளுத்துச் சாம்பலாகிக் கிடந்த ரெக்சினை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மெரூன் மாதிரி தெரியுது. மெரூன் போட்டது மாசானம்லா?" என்றும் சொல்லிவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தத் துறையின் பன்னிரண்டு படகில் ஆறு படகுக்கு ராயப்பன் நீலத்தில் சீட்டுத் தைத்தார், ஆறு படகுக்கு எதிர்ச்சாரிக் கடை மாசானம் மெரூனில் தைத்தான். போன மழைக்குப் பிறகு படகுக்கெல்லாம் பெயிண்ட் அடித்து நம்பரையும் மாற்றிவிட்டதால் எது யார் வேலை என்று யாருக்கும் தெரியாது. ராயப்பன் சொன்னதுதான் தீர்ப்பு. அண்ணாச்சி நின்ற இடத்திலேயே போனைப் போட்டார். "எலே மாசானம், எங்கன இருக்க? உடனே கெளம்பி வா. நீ தச்ச சீட்டு ஞாயித்துக்கெழம ஒரு பொம்பளையோட உடஞ்சு உள்ள போயிட்டு. துருப்பிடிச்ச பின்னு தொடையக் கிழிச்சு ஏழு தையல் போட்டிருக்கு. வந்து பாருல உன் வேலைய." போனை வைத்ததும், "அரை மணி நேரத்துல வாறானாம். ராயப்பன், நீரு பிரிச்சுப் போடும். வந்ததும் மூஞ்சிக்கு நேரா காட்டணும். இனி அவன் இந்தக் கரைப்பக்கம் தலவச்சுப் படுக்கப்பிடாது" என்று சொல்லி, பைக்கை எடுத்துக்கொண்டு மெயின்ரோட்டுக்கு டீ வாங்கப் போனார்.

பைக் சத்தம் அடங்கியதும் ராயப்பன் சீட்டைக் குப்புறப் போட்டு அடியில் அறைந்திருந்த பின்களை நெம்பத் தொடங்கினார். இரும்புப் பின். படகுக்கு ஸ்டீல் பின்தான் அடிக்க வேண்டும் என்பது இந்த வேலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் நிற்கும், பாவி, பாவி என்று மாசானத்தைத் திட்டிக்கொண்டே நெம்பினார். நெம்பின இடத்திலேயே பின் பொடியாக உதிர்ந்தது. பலகைக்கு அடியில் மடித்து அடித்திருந்த ரெக்சின் ஓரம் வெயிலையே பார்க்காத ஓரம். அதை விரித்தபோது நீலமாக இருந்தது. கடையில் சுருளிலிருந்து இப்போதுதான் வெட்டி வந்ததுபோல நல்ல நீலம். ராயப்பன் எச்சிலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். படகுக்கு அடித்த பெயிண்ட் ஒட்டியிருக்கும் என்று நினைத்தார், பெயிண்ட் இல்லை. கடையில் மெரூன் தீர்ந்துபோய் மாசானமும் ஒன்றிரண்டு சீட்டுக்கு நீலம் வாங்கியிருப்பான் என்று நினைத்தார், அந்த நினைப்பு கொஞ்ச நேரம் நின்றது, அது நிற்கிற வரைக்கும் மூச்சும் சீராக இருந்தது. நீலமும் மெரூனும் மூன்று வருஷ வெயிலில் ஒரே சாம்பலாகத்தான் ஆகும், நமக்குத் தெரியாததா, தெரிந்தும் ஏன் மெரூன் என்றோம், மெரூனாக இருக்க வேண்டும் என்று எங்கேயோ ஒரு ஆசை இருந்திருக்கிறது, அந்த ஆசை கண்ணுக்குச் சாயம் பூசியிருக்கிறது. உள்ளே ஃபோம் சுருண்டு கறுத்து, பிழிந்தால் தண்ணீர் வருகிற மாதிரி இருந்தது. ஃபோமுக்கு அடியில் இன்னொரு ரெக்சின் இருந்தது. அதாவது பழைய உறையைப் பிரிக்காமலே அதன் மேலேயே புது உறையைப் போர்த்தி அடித்திருக்கிறார்கள். தண்ணீர் வடிய அடிப்பலகையில் ஒரு ஓட்டை இல்லை. பலகை ஊறி ஊறித் தோசை மாவாகிக் கிடந்தது. கெட்டியாக மிஞ்சியிருந்த ஒரு மூலையில் பென்சிலால் ஒரு சிலுவை, அதன் கீழே ‘ரா’, அதன் கீழே தேதி. ராவன்னாவின் கால் கொஞ்சம் வளைந்து இடதுபக்கம் போகும், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான் போகும்.

மல்லாக்கப் படுத்துக்கொண்டு துப்பினால் எங்கே விழும்? ராயப்பன் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மாதம் பெண்டாட்டி செல்வராணிக்கு ஆபரேஷன் நடந்ததல்லவா, ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் அலைந்துகொண்டிருந்தோமே, அந்த அலைச்சலில் கை தவறியிருக்கும் என்று ஒரு வாசல் திறந்தது. உள்ளே காலை வைத்ததும் அது மூடிக்கொண்டது, ஆபரேஷன் அதற்கு முந்தின வருஷம். மழையாக இருந்திருக்கும், பழைய சீட்டைக் காயப்போட வெயில் இல்லாமல் போயிருக்கும் என்று பார்த்தார். சித்திரை மாதம், வெயில் கொளுத்தியது. அண்ணாச்சி அவசரப்படுத்தியிருப்பார் என்று பார்த்தார். அண்ணாச்சி அந்த வாரம் ஊரிலேயே இல்லை, சாவியைக் கொடுத்துவிட்டு மெதுவாச் செய்யும்வே என்று சொல்லிவிட்டுப் போனார். சரக்கு இல்லாமல் இருந்திருக்கும் என்று பார்த்தார். புதுப் பலகை நான்கு இதே பூவரசில் சாய்த்து வைத்திருந்தது நினைவுக்கு வந்தது, ஸ்டீல் பின் பெட்டி பைக்குள்ளேயே இருந்தது, கடைசிச் சீட்டு, பெட்டியைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, பின் அடிக்கிற கன்னில் மிச்சம் கிடந்த இரும்புப் பின்னையே அடித்தது இப்போது நடப்பதுபோல நினைவுக்கு வந்தது. காய்ச்சல் இல்லை. தலைவலி இல்லை. குடிக்கிற பழக்கமே கிடையாது. வீட்டில் நெத்திலிக் குழம்பு வைக்கப்போகிறேன் என்று செல்வராணி காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள், குழம்பு சூடாக இருக்கும்போதே போய்விடலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். மனசு நன்றாக இருந்தது. விசில் அடித்துக்கொண்டே பின்னை அடித்தார். யாரு பிரிச்சுப் பாக்கப் போறா என்று வாய்விட்டுச் சொன்னதாகக்கூட ஞாபகம். ஒரு கஷ்டத்தில் செய்த தப்பென்றால் அதைத் தூக்கி வெளியே வைத்து நாலு பேரிடம் காட்டலாம், மனுஷன் என்றால் அப்படித்தான் என்று அவர்களும் தலையாட்டுவார்கள். சந்தோஷமாக இருந்த நாளில் செய்த தப்பை எந்த முகத்தோடு கொண்டுபோய்க் காட்டுவது? பென்சில் அடையாளம் வேறு. திருட்டு வேலைக்கும் கை தன் பழக்கப்படி சிலுவை போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறது.

மாசானம் தன் வேலைக்கு அடையாளமாக வேல் போடுவான். அவன் தைத்த சீட்டு எத்தனையோ ராயப்பனிடம் பிரிக்க வந்திருக்கிறது, ஆட்டோச் சீட்டு, வேன் சீட்டு, ஒரு தடவை சலூன் நாற்காலி. வெளியே பார்க்கிறவர்களுக்குத் தையல்தான் தெரியும். ஒரு குஷன்காரனின் அடிவயிறு இன்னொரு குஷன்காரனுக்குத்தான் தெரியும். மாசானத்தின் உள்வேலை சுத்தம். மூலையில் மடிப்பு மூன்றும் ஒரே அளவில் உட்கார்ந்திருக்கும், ஃபோமை ஒட்டுப்போடமாட்டான், ஒட்டுப்போட்டாலும் வெட்டுவாய் தெரியாது. பிரிக்கும்போதெல்லாம் ராயப்பன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்துவிட்டு, நிற்கிற ஆட்டோக்காரனிடம், "எந்தப் பயல்ட்டவே குடுத்தீரு, கைய முறிக்கணும்" என்பார். ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது வேலை நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறோமா? சொன்னதில்லை. அவன் கடை முன்னால் நிற்கிற ஆட்டோவை எண்ணாமல் ஒருநாளும் ஷட்டரை இறக்கியதில்லை. இப்போது அவன் எங்கே வந்துகொண்டிருப்பான், உப்பளத்துப் பாலத்தைத் தாண்டியிருப்பானா? அண்ணாச்சிக்கு வாய் சும்மா இருக்காது. அவர் தம்பிதான் மினிபஸ் ஓட்டுகிறவர், மச்சான் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறவர், அந்தச் சீட்டெல்லாம் மாசானத்தின் கையில்தான் இருக்கிறது. பொம்பளையின் தொடையைக் கிழித்த வேலைக்காரன் என்று ஒரு பேச்சு ஊருக்குள் கிளம்பிவிட்டால் அப்புறம் அவனிடம் சைக்கிள் சீட்டுகூட வராது. அந்தப் பேச்சு இன்று சாயங்காலம் கிளம்பிவிடும். கிளப்பியது யார்? அஞ்சாம் வகுப்பில் ராயப்பனின் டவுசருக்குப் பின்பக்கம் கிழிந்திருந்தது, ஒரு வருஷம் முழுக்கச் சுவரை ஒட்டிச் சுவரை ஒட்டியே நடந்தார், பெல் அடித்தால் கடைசியாகத்தான் எழுந்திருப்பார். ஒருநாள் பக்கத்தில் இருந்த சேசுவடியானின் டவுசரும் கிழிந்தது. அன்றைக்கு வகுப்பிலேயே முதல் ஆளாக எழுந்து நின்று, டீச்சர், சேசுவடியான் டவுசரு என்று கத்தியது வேறு யாருமில்லை. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தின விஷயம். அந்தச் சத்தம் இப்போது காதில் கேட்டது, காது மடல் சூடேறியது.

சொல்லிவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தார். தீர்மானித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. அண்ணாச்சி வந்ததும், வாங்க அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்து போச்சு, கலர் வெளுத்திருந்ததால தெரியல, இது என் சீட்டுதான், இப்படித்தான் தொடங்க வேண்டும். நடந்து போச்சு என்றால் தானாக நடந்த மாதிரி இருக்கிறதே, நான் செஞ்சேன் என்று சொல்ல வேண்டுமோ? அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கை என்ன செய்தது என்பதை ராயப்பன் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார். வலதுகை கத்தியை எடுத்திருந்தது. பலகை மூலையில் சிலுவை இருந்த இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. ஊறின பலகை, ஈரத் தேங்காய்போல சுருள் சுருளாக வந்தது, முதலில் தேதி போயிற்று, பிறகு ராவன்னாவின் வளைந்த கால், கடைசியில் சிலுவை. சிலுவையைச் சுரண்டும்போது கை ஒரு நொடி நின்றது, நின்றுவிட்டுச் சுரண்டியது. சும்மா பார்ப்போம், சொல்லத்தானே போகிறோம், அடையாளம் இருந்தால் என்ன போனால் என்ன என்று மனசு கைக்கு வக்காலத்து வாங்கியது. பிறகு அந்த நீல ஓரம். நாலு பக்கமும் நாலு விரல் அகலத்துக்கு அதைக் கத்தியால் அறுத்து, பந்தாகச் சுருட்டி, படித்துறைக்குப் போய் ஆற்றில் போட்டார். அது மூழ்கவில்லை, விரிந்துகொண்டு மிதந்தது. வற்றுகிற நேரம், தண்ணீர் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது, கரையோரக் கண்டல் செடிகளின் வேரில் மாட்டிக்கொள்ளுமோ என்று பார்த்துக்கொண்டே நின்றார். மாட்டவில்லை. வளைவில் திரும்பிப் போய்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் என்று எத்தனை பேரை ஏசியிருப்பார், இதோ பூசணிக்காய், இதோ சோறு. திரும்பி வந்து உட்கார்ந்தபோது வேட்டியில் மரத்தூள் ஒட்டியிருந்தது. தட்டினார். ஈரத்தூள், போகவில்லை.

இனி சொல்ல வேண்டாம் என்று ஆகிவிட்டது, அப்படி ஆனதும் பயம் வந்தது. மாசானம் இல்லை என்று சாதிப்பானே, என் வேலை இல்லை, என் வேல் எங்கே காட்டு என்பானே. அந்த மூலைதான் அழுகிக் கொட்டிவிட்டது என்றால் முடிந்தது. என் சீட்டுக்கு ஸ்டீல் பின் அடிச்சேன் என்பான், ஸ்டீல் பின் என்று பில்லு போட்டிருப்பே, அடிச்சது இரும்புதானடா என்று அண்ணாச்சி கேட்பார், நாம் வாயே திறக்க வேண்டாம், தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தால் போதும். அந்த நினைப்பு எவ்வளவு வழவழப்பாக வழுக்கிக்கொண்டு போகிறது என்று பார்த்து அவருக்கே உடம்பு கூசியது. ஏழு தையல். எந்த நூலில் போட்டிருப்பார்கள், தானாகக் கரைகிற நூலா, பிரிக்கிற நூலா, தொடையில் என்றால் நெருக்கிப் போட வேண்டுமே. புத்தி அங்கேயிருந்து தையல் ஊசிக்கு, ஊசியிலிருந்து மிஷினுக்கு, மிஷினிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து எதிர்ச்சாரிக்கு ஓடி, மறுபடி சுரண்டின மூலையில் வந்து மாட்டிக்கொண்டது. அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. கறுத்துப்போன பலகையில் ரூபாய் அகலத்துக்குப் புது வெள்ளை. ஐயோ, அது தெரியுமே. ஓடிப்போய்ச் சேற்றை அள்ளி வந்து தடவினார். சேறு ஒரு நிறம், பலகை ஒரு நிறம், இப்போது இன்னும் நன்றாகத் தெரிந்தது. வேட்டி முனையால் துடைத்துக்கொண்டிருந்தபோது பைக் சத்தம் கேட்டது, ஒன்றல்ல, இரண்டு.

அண்ணாச்சி தூக்குவாளியில் டீயோடு முன்னால் வந்தார். பின்னால் மாசானம், ஹெல்மெட்டைக் கழற்றாமலே. "பாருல, நல்லாப் பாரு" என்று அண்ணாச்சி சீட்டைக் காலால் நகர்த்தினார். மாசானம் குனிந்து உட்கார்ந்து பலகையைத் திருப்பினான். உதிர்ந்த பின்னைப் பார்த்தான். உள்ளே கிடந்த பழைய உறையைப் பார்த்தான். ஓரமே இல்லாமல் புதிதாக அறுபட்ட ரெக்சினை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். பிறகு மூலைக்கு வந்தான். சேறு பூசின வெள்ளையில் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்தான். விரலைப் பார்த்தான். அப்புறம் ராயப்பனின் வேட்டியைப் பார்த்தான். ராயப்பன் வேட்டியை மறுபடி தட்டினார், இதோ சொல்லப்போகிறான், சட்டையைப் பிடிக்கப்போகிறான், பிடிக்கட்டும், பிடித்தால் நல்லது, பிடித்துத் தொலையேன்டா. மாசானம் பலகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "அண்ணாச்சி, அந்தம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? மகன்காரன் காலைலகூடப் பேசினான். உக்கார முடியலயாம்ல. குப்புறத்தான் படுத்துக் கெடக்காவளாம். ஓட்டல்ல மாவாட்டப் போற பொம்பள. உக்காந்தாத்தான அவளுக்குச் சோறு?"

"வீடு எங்கன? நான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாறேன்."

அவளால் உட்கார முடியவில்லை. இந்த அரை மணி நேரமாக ராயப்பன் எத்தனை இடத்துக்குப் போய் வந்திருக்கிறார், ஆஸ்பத்திரிக்கு, சித்திரை மாதத்துக்கு, அஞ்சாம் வகுப்புக்கு, எதிர்ச்சாரிக் கடைக்கு. ஒரு இடத்திலும் அந்தப் பொம்பளை இல்லை. அவளுக்கு எத்தனை வயது என்று கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை, ஏழு தையல் என்றதும் நூலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை நேரம் பட்டதெல்லாம் வெட்கம் என்று நினைத்திருந்தார். அது தன்னைப் பார்த்துத் தானே பரிதாபப்பட்டதுதான். வெட்கம் இப்போதுதான் வந்தது, உள்ளங்காலிலிருந்து வந்தது.

"அண்ணாச்சி, அது மாசானம் செஞ்சதில்ல. நான் செஞ்சது."

அண்ணாச்சி டீயை டம்ளரில் ஊற்றிக்கொண்டே சிரித்தார். "சும்மா இரும்வே. கொஞ்சம் முன்னால மெரூன்னு சொன்னது நீருதான? பயலோட மூஞ்சியப் பாத்ததும் மனசு எளகிட்டாக்கும். எலே மாசானம், பாத்துக்க. நீ செஞ்ச வேலைக்கு இவரு பழிய ஏத்துக்கிடுதாரு. இப்படி ஒரு பெரிய மனசு உனக்கு வருமால?" என்று முதல் டம்ளரை ராயப்பனிடம் நீட்டினார்.

ராயப்பன் டம்ளரை வாங்கவில்லை. மட்டமான வேலை செய்ததைச் சொல்வது இவ்வளவு சுலபமா, சொல்லியாயிற்றே, அதற்குப் பாராட்டுகூடக் கிடைத்துவிட்டதே. இப்படியே டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தால்கூடச் சொன்னது சொன்னதுதான், நம்பாதது அண்ணாச்சியின் பாடு என்று ஒரு கடைசி வாசல் திறந்து நின்றது. அதற்குள்ளே நெத்திலிக் குழம்பின் வாசனை அடித்தது. மாசானம் ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். நம்ப வைக்க வேண்டுமென்றால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

"அடையாளம் இருந்துச்சு அண்ணாச்சி. சிலுவையும் ராவன்னாவும். பலகைல இருந்துச்சு. நான்தான் சுரண்டுனேன்." அறுபட்ட ரெக்சினை எடுத்துக் காட்டினார். "நீலக் கலரு ஓரத்தயும் அறுத்து ஆத்துல விட்டுட்டேன். இப்பத்தான். நீங்க எனக்கு டீ வாங்கப் போன நேரத்துல. பழி இவன் மேல நிக்கட்டும்னு செஞ்சேன்."

நீட்டின கையை அண்ணாச்சி மெதுவாக இழுத்துக்கொண்டார். டம்ளரைத் தரையில் வைத்தார். குனிந்து அந்த மூலையைப் பார்த்தார், பிறகு மரத்தூள் ஒட்டிய வேட்டியைப் பார்த்தார், அப்புறம் ராயப்பனின் முகத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மாசானம் மட்டும் பார்க்கவில்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றான்.